வால் வந்தாச்சு

வால் என்றதும் சேட்டைக்காரப் பையன் எவனையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் அறுபதை எட்டிப் பார்க்கிற ஆள். நெற்றி மேலே ஏறிவிட்டது, மீசை வெளுத்துவிட்டது, சட்டைப் பையில் மடித்த கைக்குட்டை ஒன்று எப்போதும் இருக்கும். ஊர் சைக்கிள் கிளப்பில் எல்லாருக்கும் கடைசியாக ஓட்டி வருகிறவருக்கு வால் என்று பெயர், முன்னால் போகிறவருக்குத் தலை என்று பெயர். தலையை யாரும் முந்தக் கூடாது, வாலுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. கிளப்பின் சட்டதிட்டம் மொத்தமும் இவ்வளவுதான். தலைப் பதவிக்கு வருஷா வருஷம் முகம் சிவக்கும், பேச்சு தடிக்கும். வால் பதவிக்குப் போட்டியே கிடையாது. அதனால் இவர் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறார்.

தகுதி இல்லாமல் கிடைத்த பதவி என்றும் சொல்ல முடியாது. வீட்டில் ஒன்பதாவது பிள்ளை, கடைக்குட்டி. குடும்பப் போட்டோவில் அவர் பங்குக்கு ஒரு காதும் பாதித் தோளும் விழுந்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயரெல்லாம் கூப்பிட்டு முடித்து, பதிவேட்டை மூடிவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இவர் "உள்ளேன் ஐயா" என்று சொல்லி முடிப்பார். வரிசை எங்கே நின்றாலும் கடைசியில் போய் நிற்பார். பின்னால் யாராவது வந்துவிட்டால், "நீங்க அவசரமா இருப்பீங்க, முன்னால போங்க" என்று வழிவிடுவார். நல்ல மனுஷன்தான். ஆனால் இந்த நல்லதனத்தைக் கூட இருந்து பார்க்கிறவர்களுக்குச் சில சமயம் பற்றிக்கொண்டு வரும்.

பல் டாக்டர் ஒருவரின் பின்னறையில் பல் செட் செய்வது அவர் தொழில். முன்னறையில் டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். பின்னறையில் இவர் அந்த அச்சில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, தாடையை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்து மெருகேற்றுவார். சுவரெல்லாம் தட்டு, தட்டெல்லாம் தாடை. தெருவில் எதிரே வருகிறவரின் முகம் அவருக்கு அடையாளம் தெரியாது. அந்த ஆள் சிரித்துவிட்டால் போதும், "மேல் வரிசை, இடது பக்கம் கொஞ்சம் தூக்கல்" என்று மனசுக்குள்ளேயே நலம் விசாரித்துவிடுவார். தொழிலில் அவருக்கு ஒரே கொள்கை. அச்சில் என்ன இருக்கிறதோ அதுதான் வார்ப்பிலும் இருக்க வேண்டும். கீறல் இருந்தால் கீறல், பள்ளம் இருந்தால் பள்ளம். பார்க்க நன்றாக இருக்கட்டுமே என்று திருத்தினால் செட் வாயில் உட்காராது. இந்தக் கொள்கைதான் பின்னால் அவர் காலை வாரிவிட்டது.

கிளப்பு வருஷத்துக்கு ஒரு தடவை கடற்கரைக்குப் போகும். விடியலில் கிளம்பி, நடுவில் ஒரு நீண்ட மேடு ஏறி இறங்கி, அப்புறம் எதிர்காற்றில் சமவெளி. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். தலையாகப் போகிறவர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை அவர் மனைவியே பார்த்ததில்லை என்பார்கள். கிளப்பில் அவருக்குப் பெயரே விசில்தான். முன்னால் போகிறவர்கள் கடலை அடைந்து, குளித்து, கொண்டுபோன ரொட்டியையும் முட்டையையும் தின்று, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு தூக்கமும் போட்டுவிடுவார்கள். பஞ்சரானவர்கள், முட்டி பிடித்துக்கொண்டவர்கள், மேட்டில் சைக்கிளோடு கோபித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எல்லாரையும் கரைசேர்த்து, கடைசியில் வால் வந்து சேரும். சைக்கிளைச் சுவரில் சாய்ப்பதற்குள் விசில் ஊதிவிடும்.

"வால் வந்தாச்சு! கிளம்பலாம்!"

கணக்குப்படி சரிதான். வால் வந்துவிட்டால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். எல்லாரும் வந்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதானே? இந்த "எல்லாரும்" என்பதில் வாலைச் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் அவருக்குக் கடல் என்பது, மணலுக்கு முன்னால் ஓடுகிற இடுப்புயரச் சுவருக்கு மேலே தெரிகிற ஒரு சாம்பல் பட்டைதான். சுவரைத் தாண்டியதே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை மணி நேரம் கொடுத்திருப்பார்கள், யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஊரில் பாதிப் பேர் வாயைச் சரிசெய்து கொடுத்தவருக்குத் தன் வாயைத் திறக்கத் தெரியவில்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டில் மனைவி இருக்கிறாள்.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவள். இருபது வருஷமாக ஊரே அந்தக் குரலுக்கு எழுந்து, அந்தக் குரலுக்கு உட்கார்ந்து வருகிறது. அவளை நேரில் பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. கடையில் போய் "அரைக் கிலோ சர்க்கரை" என்றால் போதும், பக்கத்தில் நிற்கிறவர்கள் பையைத் தூக்கிக்கொள்வார்கள்.

முதல் வருஷம் அவர் கடற்கரையிலிருந்து திரும்பியதும் அவள் ஆசையாகக் கேட்டாள்.

"காலை நனைச்சீங்களா?"

"நனைச்சேன்."

வாயில் வந்த பொய் அது. யோசித்துச் சொன்னதில்லை. இல்லை என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் சொல்ல வேண்டும். சொன்னால், "உங்களுக்கு வாயில்லையா?" என்பாள். அந்தக் கேள்விக்கு அவரிடம் எந்தக் காலத்திலும் பதில் இருந்ததில்லை. அடுத்த வருஷம் அலை முழங்கால் வரைக்கும் வந்தது. அதற்கடுத்த வருஷம் ஒரு நண்டு அவர் காலடியில் ஓடியது. நண்டு, திரும்பி வரும் வழியில் மற்றவர்கள் பேசிக்கொண்டதில் காதில் விழுந்த சரக்கு. அந்த வருஷம்தான் அவள், "அடுத்த தடவை எனக்கொரு கிளிஞ்சல் கொண்டாங்களேன்" என்று கேட்டுவைத்தாள்.

டாக்டர் மேஜையில் காகிதம் பறக்காமல் வைக்க ஒரு கிளிஞ்சல் இருந்தது. விசிறி மாதிரி வரிவரியாக, ஓரத்தில் கொஞ்சம் உடைந்தது. மத்தியான நேரத்தில் அதை எடுத்து அச்செடுத்து, பல் செய்கிற சாமானில் இன்னொன்று வார்த்தார். உள்பக்கத்துக்கு ஈறு நிறம், வெளிப்பக்கத்துக்குப் பல் நிறம். மெருகு போட்டு வெளிச்சத்தில் பிடித்தபோது அவருக்கே கண்ணை நம்ப முடியவில்லை. அவ்வளவு லட்சணம். மனைவி அதை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. இப்போது ஜன்னலில் ஏழு இருக்கின்றன, ஏழும் அச்சில் வார்த்தது போல.

"அங்க எல்லாம் ஒரே சைஸ்லதான் ஒதுங்குமோ?" என்று ஒருநாள் தூசி தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஒரே ஜாதிக் கிளிஞ்சல் போல" என்றார். அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். தப்பித்தோம் என்று இவரும் விட்டுவிட்டார்.

இந்த வருஷம் பயணத்துக்குச் சில வாரம் இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் மனைவி சொன்னாள்: "நானும் வரேன்."

"எங்க?"

"கடலுக்கு. பேரும் குடுத்துட்டேன். விசில் அண்ணன் பாவம், நான் போன் பண்ணுனதும் எந்தப் பஸ் ரத்துன்னு கேட்டாரு."

அவர் மேடு என்றார், வெயில் என்றார், சீட்டு உறுத்தும் என்றார், மழை வரும் என்றார். "பெஞ்சா நனைவேன். நான் என்ன மாவா, கரைஞ்சு போக?" என்றாள். பக்கத்து வீட்டு சைக்கிளை இரவல் வாங்கி, முதல் பேருந்து கிளம்புவதற்கு முன்னால் நிலையத்துப் பணிமனை முற்றத்தில் சுற்றிச் சுற்றிப் பழகிக்கொண்டாள். அவர் பின்னறையில் உட்கார்ந்து வேறு கணக்குப் போட்டார். அவளும் வந்தால் சுவர் வரைக்கும் வருவாள். விசில் ஊதும். எல்லாரும் கிளம்புவார்கள். இத்தனை வருஷத்து அலையும் நண்டும் ஒரே ஊதலில் பல்லிளித்துவிடும். அதற்குள் தானாகவே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று முடிவெடுத்தார். வழியில் சொல்லிவிடலாம். நேரம் நிறைய இருக்கிறதே.

கிளம்புகிற அன்று காலையில் மருந்துக் கடைக்காரர் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒரு சொட்டு விழாது" என்றார். கிளப்பில் அவருக்கு வானிலை என்று பெயர். அவர் சொன்னதும் எல்லாரும் மழைக்கோட்டை எடுத்து சைக்கிளில் கட்டிக்கொண்டார்கள். அவ்வளவு நம்பிக்கை அவர் மேல்.

மனைவி மஞ்சள் மழைக்கோட்டில் கிளம்பினாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் கடைசி ஆளாகிவிட்டாள். அதாவது வாலுக்கு முந்தின ஆள். வழியெல்லாம் அவருக்குக் காட்சி அந்த மஞ்சள் முதுகுதான். முப்பது வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு நேரம் அவள் முதுகைப் பார்த்தது கிடையாது. சண்டை போட்ட நாட்களில்கூட அவள் இவர் முகத்தைப் பார்த்துத்தான் உட்காருவாள்.

மேட்டடிவாரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். இப்போது சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் வந்து, "ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"மூச்சு வாங்குது. அப்புறம் சொல்லுங்க."

மேட்டின் உச்சிக்கு வந்ததும் அப்புறம் வந்தது, கூடவே மழையும் வந்தது. சொட்டு விழாது என்று சொன்ன இடத்தில் வாளியைக் கவிழ்த்தது. சாலையோரப் பேருந்து நிழற்குடைக்குள் இருவரும் ஒதுங்கினார்கள். அவர் தொண்டையைச் செருமினார். அவள் அதற்குள் அங்கே ஒட்டியிருந்த கால அட்டவணையைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"இது பழைய டைம். இதுல இருக்கிற வண்டில பாதி இப்ப ஓடவே இல்ல. இதை நம்பி எத்தன பேரு இங்க வந்து நின்னாங்களோ!"

"யாரும் கவனிச்சு மாத்தியிருக்க மாட்டாங்க" என்றார் அவர்.

"அதெப்படிங்க? வண்டி வரலேன்னா வரலேன்னு சொல்லிடணும். வராததை வந்ததா சொல்லக் கூடாது. அதுக்குப் பேரு பொய்."

அவர் செருமியதை அப்படியே விழுங்கினார். மழை நின்றது. வெயில் வந்தது. இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

சமவெளியில் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. மஞ்சள் கோட்டு காற்றை வாங்கி உப்பி, படபடவென்று அடித்தது. சைக்கிள் மிதித்த மிதிக்கு நகரவில்லை. குனிந்து மிதித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று புரிந்தது. இந்தக் காற்றில் பின்னாலிருந்து எதைச் சொன்னாலும் முன்னால் போகிறவளுக்குக் கேட்காது. சொல்லவும் சொல்லியாகிவிடும், கேட்கவும் கேட்காது. இதைவிடத் தோதான இடம் அவருக்கு ஆயுசுக்கும் கிடைக்காது. வாயைத் திறந்தார்.

"நான் கடலைத் தொட்டதே இல்ல!"

மஞ்சள் முதுகு அசையவில்லை. தைரியம் வந்துவிட்டது.

"ஒரு தடவைகூட இல்ல! நண்டெல்லாம் சும்மா! அந்தக் கிளிஞ்சல் நான் பண்ணது! பல்லு பண்ற சாமான்ல! நான் போறதுக்குள்ள கிளம்பிடுறாங்க, எனக்குக் கேக்கத் தெரியல!"

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டியது, அதற்குக் காற்றுதான் காரணம் என்று வைத்துக்கொண்டார். பல வருஷம் அடைத்துக்கொண்டிருந்ததைத் துப்பிவிட்ட மாதிரி இருந்தது. முன்னால் அவள் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தாள். ஆக, எதுவும் மாறவில்லை. சுவர் அருகில் வந்துகொண்டிருந்தது, வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

அவள் முதலில் போய்ச் சுவரோரம் இறங்கினாள். அவர் ஒரு சக்கரத் தூரம் தள்ளி இறங்கினார். மணலில் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். விசில் வானத்தையும் பார்த்து வாலையும் பார்த்து எழுந்து நின்றார்.

"வால் வந்தாச்சு! மழை வருது, கிளம்பலாம்!"

விசில் ஊதியது. துண்டை உதறினார்கள், மணலைத் தட்டினார்கள், செருப்பைத் தேடினார்கள். வால் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி மனைவியின் முகத்தைப் பார்க்காமல் நின்றார். கேள்வி இப்போது வரும். "இதென்ன, வந்ததும் கிளம்புறாங்க?" என்பாள். ஏழு கிளிஞ்சலும் வரிசையாக அவர் கண்முன் வந்து நின்றன.

கேள்வி வரவில்லை. அவள் சுவரில் கை ஊன்றி, மேலே ஏறி நின்று, கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு அந்தக் குரல் கிளம்பியது. ஒலிபெருக்கி இல்லை, தேவையும் இல்லை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மேட்டு வழியாக வந்துகொண்டிருக்கும் வால், தவிர்க்க இயலாத காரணங்களால் தாமதமாகியுள்ளது. வந்து சேரும் நேரம் பின்னர் அறிவிக்கப்படும். அதுவரை பயணிகள் தத்தம் இடங்களிலேயே அமர்ந்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தடங்கலுக்கு வருந்துகிறோம்!"

எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இருபது வருஷப் பழக்கம். வானிலை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். விசிலும் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு எங்கோ இடித்தது. சுவரோரம் நிற்கிற வாலை விரலால் சுட்டி, "அக்கா, அதோ நிக்கிறாரே..." என்று இழுத்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

"நான் இங்கதானே இருக்கேன்?" என்றார் வால், மெதுவாக. "பொய்யா அறிவிப்புக் கொடுக்கலாமா?"

"இதுல என்ன பொய்? நீங்க எங்க வந்தீங்க? வருஷா வருஷம் இந்தச் சுவரு வரைக்கும்தானே வந்திருக்கீங்க. இறங்குங்க."

"கேட்டுச்சா?"

"அம்பது வண்டி இஞ்சின் ஓடும்போது கண்டக்டர் முணுமுணுக்கிறது கேக்கும் எனக்கு. உங்க கத்தல் கேக்காதா?"

மணலில் இறங்கினார்கள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கால்சட்டையை மடித்தார், ஒன்று முழங்காலுக்கும் ஒன்று கணுக்காலுக்குமாக நின்றது. முதல் அலை வந்து காலைத் தொட்டபோது, "ஐயோ, சில்லுனு இருக்கு" என்றார். இத்தனை வருஷமாகச் சொன்ன கதையில் ஒரு தடவைகூடத் தண்ணீர் சில்லென்று இருந்ததில்லை. அதைச் சேர்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"கிளிஞ்சல் விஷயம் எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது வந்தப்பவே. கடல்ல எல்லாக் கிளிஞ்சலும் ஒரே இடத்துலயா உடையும்?"

டாக்டர் மேஜைக் கிளிஞ்சலின் ஓரத்து உடைசல் அவர் நினைவுக்கு வந்தது. ஏழிலும் அதை மயிரிழை பிசகாமல் எடுத்திருந்தார். அச்சில் இருந்தது, எடுத்தார். வேறென்ன செய்வார்?

"ஏன் கேக்கல நீ?"

"கேட்டா நிறுத்திடுவீங்களே." அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கடல்ல பொறுக்குறவங்க குனிஞ்சு எடுத்துட்டு வருவாங்க. நீங்க எனக்காக உக்காந்து உக்காந்து செஞ்சீங்க. எனக்கு அது போதும்னுதான் இருந்தேன். ஆனா, ஒவ்வொரு வருஷமும் வந்து காலை நனைச்ச கதை சொல்லுவீங்க பாருங்க, அதைத்தான் கேக்க முடியல. உங்க செருப்புல ஒரு பொட்டு மணல் இருக்காது."

அவர் குனிந்து, அலை இழுத்துப்போன இடத்தில் கையை விட்டு ஒரு கிளிஞ்சலை எடுத்தார். சின்னது, அழுக்கு நிறம், ஒரு பக்கம் பாசி. அவளிடம் நீட்டினார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாவே இல்ல. உங்களுது எவ்வளவோ தேவலை" என்று சொல்லி, அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் மழைக்கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, எழுந்திருக்காமல் நனைந்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் விசில் அங்கிருந்தே, வாயருகில் கையைக் குவித்துக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கூப்பிட்டார்.

"அக்கா! வால் வந்துருச்சா?"

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் இன்னும் இரண்டடி உள்ளே போயிருந்தார். மடித்த கால்சட்டை நனைந்துவிட்டது. கையில் செருப்போடு, மூக்கு நுனியில் மழை சொட்ட, அடுத்த அலை எது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லண்ணே!" என்றாள். "இன்னும் வரல!"